அமைதியான பாதை வேறு, ஆளில்லாத பாதை வேறு: கண்டிப் பக்கம் சைக்கிள் ஓட விரும்புபவர்களுக்கு



எம்பெக்க பக்கம் எடுத்த படங்களைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "டீச்சர், கண்டியில சைக்கிள் ஓட எங்க பாதை இருக்கு? டவுனுக்குள்ள நடக்கவே இடமில்லையே?" சிலர் தங்களுக்காகக் கேட்கிறார்கள், சிலர் பிள்ளைகளுக்காக. இரண்டு உம்மாமார் "பொம்புளப் புள்ளைகளுக்குச் சரிவருமா?" என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது, அதையும் வாசித்துவிட்டுப் போங்கள்.

பாதை இருக்கிறது. ஆனால் நாம் தினமும் பஸ்ஸில் போகும் வீதிகளில் அதைத் தேடக் கூடாது. கண்டி-கொழும்பு வீதியில் பேராதனையிலிருந்து கடுகண்ணாவை வரை, கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகும் ஏ9, குண்டசாலை, திகன வழியாக மஹியங்கனைக்குப் போகும் ஏ26, இந்த மூன்றையும் முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு தனியார் பஸ் ஒன்றையொன்று முந்தும்போது ஓரத்தில் போகும் சைக்கிளுக்கு மிஞ்சுவது கான் மட்டும்தான்.

*

இந்தப் பெரிய வீதிகளுக்கு வெளியே இவ்வளவு சின்னப் பாதைகள் எப்படி வந்தன? வகுப்பில் வரலாறு படிப்பிப்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.

கண்டி மன்னர் காலத்தில் அகலமான பாதை என்பது எதிரிக்கு வாசலைத் திறந்து வைப்பது போன்றது. அதனால் உள்ளே வரும் வழிகள் ஒடுக்கமாகவே இருந்தன, கணவாய்களில் முள் கடவைகளும் காவலும் இருந்தன. போர்த்துக்கேயர் 1594 இல் தந்துரையில் தோற்றதிலும் 1638 இல் கன்னொறுவையில் தோற்றதிலும் இந்த மலைப் பாதைகளுக்கும் பங்கு உண்டு. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான் நிலைமை மாறியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு-கண்டி வீதி வெட்டப்பட்டது. அதை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் நிற்கும் வெள்ளைக் கோபுரம் அவருடைய நினைவுக்காகக் கட்டப்பட்டது. 1867 இல் ரயில் கண்டிக்கு வந்தது. படையும் கோப்பியும் பிறகு தேயிலையும் அந்தப் பெரிய வழிகளில் போயின.

ஊருக்கு ஊர் போகும் பழைய வழிகளோ அப்படியே தங்கிவிட்டன. வயல் ஓரமாக, வாய்க்கால் ஓரமாக, ஒரு பன்சலையிலிருந்து அடுத்த பன்சலைக்கு, ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு. பிறகு அவற்றில் சிலவற்றுக்குத் தார் போட்டார்கள், சிலவற்றுக்குக் கொங்கிறீட் போட்டார்கள். இன்று மாகாண சபையின் வீதி, பிரதேச சபையின் வீதி என்று பலகை இருக்கிறது. கூகுள் மெப்பில் பெரிய வீதி தடித்த கோடாகத் தெரியும். நமக்கு வேண்டியது அதற்குப் பக்கத்தில் நூல் மாதிரி வளைந்து போகும் மெல்லிய கோடு.

*

இந்த மெல்லிய கோட்டைத் தேடும் பழக்கம் எனக்குப் பிரான்ஸில் இருக்கும் என் நானாவிடமிருந்து வந்தது. அவர் லுவார் ஆற்றுப் பக்கத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் வேலை செய்கிறார். லீவு நாளில் சைக்கிளில் போய்ப் படம் அனுப்புவார். வயல், கால்வாய், கல் வீடுகள், ஒரு வாகனம்கூட இருக்காது. "உங்கட நாட்டுல சனமே இல்லையா?" என்று கேட்டேன். "சனம் இருக்கு, நான் வெள்ளைக் கோட்டில போறன்" என்றார்.

விஷயம் இதுதான். அங்கே மிஷ்லின் கம்பனியின் வீதி வரைபடத்தில் பெரிய வீதிகள் சிவப்பு, அடுத்த நிலை மஞ்சள், சின்ன ஊர்ப் பாதைகள் வெள்ளை. அழகான காட்சியுள்ள பாதைக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு இருக்கும். சைக்கிள்காரர்கள் வெள்ளையையும் பச்சையையும் பார்த்து வழியைத் தீர்மானிப்பார்கள். லுவார் ஆற்றை ஒட்டி மட்டும் சுமார் 900 கிலோமீற்றருக்குச் சைக்கிள் வழி அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி சைக்கிளுக்கு மட்டும், மீதி வாகனம் குறைந்த ஊர்ப் பாதைகள். சட்டமும் உதவுகிறது. சைக்கிளை முந்தும் வாகனம் ஊருக்குள் 1 மீற்றர், ஊருக்கு வெளியே 1.5 மீற்றர் இடைவெளி விட வேண்டும்.

நமக்கு அந்த வரைபடம் இல்லை. ஆனால் அந்தப் பாதைகள் நமக்கும் இருக்கின்றன. ஆகவே நாமே போய்ப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் நானாவோடு உடன்படமாட்டேன். அவருக்கு ஒரு மணித்தியாலம் யாரையும் காணாமல் ஓடினால் சந்தோஷம். ஒரு பெண்ணாக எனக்கு அது சந்தோஷமில்லை. வாகனம் குறைய வேண்டும், ஆள் குறையக் கூடாது. அமைதியான பாதை வேறு, ஆளில்லாத பாதை வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு கடை, கிணற்றடியில் உடுப்புக் கழுவும் ஒரு அம்மா, வயலில் இரண்டு பேர், முற்றம் கூட்டும் ஒருவர். இப்படிப்பட்ட பாதையைத்தான் நான் நல்ல பாதை என்பேன். கீழே சொல்லும் வழிகளை அந்தக் கணக்கில்தான் பிரித்திருக்கிறேன்.

*

"கண்டி முஸ்லிம் பொம்பளைகள் சைக்கிள் ஓடுவதா?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் படித்தவள். இரண்டு வருடம் விடுதி, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, காத்தான்குடிப் பிள்ளைகள் என்னோடு படித்தார்கள். அவர்கள் சின்ன வயதிலிருந்தே அபாயா போட்டுக்கொண்டு சைக்கிளில் பாடசாலைக்கும், ரியூசனுக்கும், குர்ஆன் மதரசாவுக்கும் போனவர்கள். அங்கே அது ஒரு செய்தியே இல்லை. எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியதும் அவர்கள்தான். அதே மார்க்கம், அதே உடுப்பு. வித்தியாசம் நிலத்தில்தான். அங்கே தரை பாய் விரித்த மாதிரி. இங்கே வாசலை விட்டு இறங்கினால் பள்ளம், திரும்பி வந்தால் மேடு. கண்டியில் பெண்களும் ஆண்களும் சைக்கிளை விட்டதற்குக் காரணம் மேடுதான். காலப்போக்கில் அதுவே "வழக்கமில்லை" என்று ஆகிவிட்டது. பிறகு "கூடாது" என்றும் ஆகிவிட்டது.

மேட்டுக்கு மருந்து கியர். இந்த இடத்திலும் பிரான்ஸிலிருந்து ஒரு கதை சொல்லலாம். போல் த விவி (1853–1930) என்பவர் செந்-எத்தியென் என்ற மேடு பள்ளமான ஊரில் இருந்தவர். வெலோசியோ என்ற பெயரில் சைக்கிள் பயணம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மலைக்குப் பல கியர் வேண்டும் என்பது அவருடைய வாதம். போட்டிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், கியர் பலவீனர்களுக்கு என்றார்கள். 1902 இல் நடந்த ஒரு மலைப் போட்டியில் மார்த் ஹெஸ் என்ற பெண் மூன்று கியர் சைக்கிளில் வந்து, ஒற்றைக் கியரில் வந்த ஆண் சம்பியனைப் பின்னுக்குத் தள்ளினார். அப்படியிருந்தும் டூர் த பிரான்ஸ் போட்டியில் கியர் மாற்றும் கருவிக்கு 1937 இல்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே கண்டியில் கியர் சைக்கிள் வாங்குவதற்கு யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

*

நான் மறுபடி சைக்கிளில் ஏறியது 2022 இல். அந்த வருடம் யாருக்கு மறக்கும்? ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. பிறகு கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள், வேலைக்குப் போக வேண்டியவர்கள் இரண்டு பேர். அவர் வரிசையில் நின்றார், நான் ஒரு பழைய கியர் சைக்கிள் வாங்கினேன். பாடசாலை வீட்டிலிருந்து 6 கிலோமீற்றர். பெரிய வீதியில் போகப் பயந்துதான் வயல் பாதையைத் தேடிப் பிடித்தேன். பெற்றோல் திரும்பி வந்தது. நான் சைக்கிளை விடவில்லை.

இனி வழிகள்.

1) கண்டி வாவி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807 இல் கட்டியது. சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், தரை கிட்டத்தட்டச் சமம். சுபஹ் தொழுதுவிட்டு இறங்கினால் நடப்பவர்களும் கொக்கும்தான் இருப்பார்கள். ஆறரைக்குப் பிறகு பாடசாலை வேன் வரத் தொடங்கிவிடும், அதற்கு முன் முடித்துவிடுங்கள். பழகுபவர்களுக்கு ஞாயிறு காலை நல்லது.

2) ஆற்றோரம்: கன்னொறுவையிலிருந்து ஹல்லொலுவ வழியாகக் கட்டுகஸ்தோட்டை. மகாவலிக்கு மறுபக்கம் போகும் வழி. இந்தப் பக்கம் பேராதனை வீதி முழுக்க ஹோர்ன் சத்தம், அந்தப் பக்கம் மூங்கிலும் வீடுகளும். பெரிய மேடு இல்லை. கடைகள் உண்டு, ஆட்கள் உண்டு. கட்டுகஸ்தோட்டைச் சந்திக்கு முன்பே திரும்பி வந்த வழியே வந்துவிடுங்கள், சந்திக்குள் போக வேண்டாம்.

3) பிலிமத்தலாவையிலிருந்து மூன்று கோயில் வழி. என்னைக் கேட்டால் கண்டி மாவட்டத்திலேயே சைக்கிளுக்கு மிக நல்ல பாதை இதுதான். பிலிமத்தலாவையில் பித்தளைக் கடைகளுக்குப் பக்கத்தில் கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால் ஒரு கிலோமீற்றர் அளவில் கடலாதெனிய. அங்கிருந்து லங்காதிலக, பிறகு எம்பெக்க. முதல் இரண்டும் 1344 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கடலாதெனிய கல்லால் எழுந்தது, லங்காதிலக பாறையின் மேல் நிற்கிறது. எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களில் செதுக்கிய மல்லரும் அன்னமும் இரட்டைத் தலைக் கழுகும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை. பிறகு தவுலகல, ஹந்தெஸ்ஸ வழியாகப் பேராதனைப் பக்கம் இறங்கலாம். மொத்தமாக 15 முதல் 20 கிலோமீற்றருக்குள் அடங்கும். சின்னச் சின்ன மேடுகள், மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். வழி நெடுக வயல். சிங்களக் கிராமமும் நம்முடைய கிராமமும் மாறி மாறி வரும். உடுநுவரைப் பக்கம் யாராவது சொந்தக்காரர் இல்லாத கண்டி முஸ்லிம் இல்லை என்பதால் தேத்தண்ணிக்கும் பஞ்சமில்லை.

4) பேராதனை வளாகமும் கலஹா வீதியும். பல்கலைக்கழகம் 1952 இல் இங்கே வந்தது. அதன் நடுவே போகும் கலஹா வீதியில் மரநிழல் அதிகம். சனி, ஞாயிறு காலை வளாகத்துக்குள் மட்டும் சுற்றி வந்தாலே போதும். ஹிந்தகலயைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும், கலஹா, தெல்தோட்டை என்று மேலே மேலே போகும். அந்தப் பக்கம்தான் லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் முதன்முதலாக வர்த்தக ரீதியில் தேயிலை நட்ட தோட்டம். அவருடைய கபுர் நம்முடைய மஹியாவை மயானத்தில் இருக்கிறது. தோட்டப் பாதைகள் வெறிச்சென்று அழகாக இருக்கும். ஆனால் கொழுந்து எடுக்கும் நேரம் தவிர அரை மணித்தியாலத்துக்கு ஆளைக் காண முடியாது. நான் சொன்ன "ஆளில்லாத பாதை" இதுதான். பெண்கள் தனியாகப் போக வேண்டாம், நான்கைந்து பேராகப் போங்கள். லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்து பின்னால் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்குக் கொடுக்க மிட்டாயைவிடப் பென்சில் கொண்டு போங்கள்.

5) ஹந்தானை. தேயிலை நூதனசாலை வரை போகலாம். 1925 இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அது, 2001 இல் நூதனசாலையானது. தூரம் குறைவு, மேடு செங்குத்து. பழகிய பிறகு போங்கள். மழை நாளில் அட்டை பிடிக்கும்.

6) திகனையிலிருந்து விக்டோரியா. ஏ26 இல் சைக்கிள் ஓட வேண்டாம். சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு திகன வரை போய், அங்கிருந்து ரஜவெல்ல வழியாக அணைக்கட்டுப் பக்கம் ஓடலாம். 122 மீற்றர் உயரமான அணை, 1985 இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய டவுன் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. கடும் வரட்சியில் அதன் சுவர்கள் வெளியே தெரியும். அணையைத் தாண்டி ரந்தெனிகல பக்கம் போக வேண்டாம், யானை நடமாடும் இடம்.

ஆறாவது வழியைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீண்ட காலம் எங்கள் வீட்டில் "அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்ற சொல்தான். வாகனத்தில் போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடலாம். சைக்கிளில் அது முடியாது. முகம் தெரியும், வேகம் இல்லை, தாகம் எடுக்கும். முதல் தடவை போனபோது எனக்கு நெஞ்சு அடித்தது உண்மை. செயின் கழன்ற இடத்தில் ஒரு சிங்கள அம்மா கதிரை கொண்டுவந்து போட்டார். அவருடைய மகன் செயினை மாட்டினான். கை கழுவச் சவர்க்காரமும் தந்தார்கள். "துவ, தனியமத?" என்று கேட்டார். "தனியாகவா மகள்?" என்று. என் உம்மா கேட்பதும் அதே கேள்விதான். நடந்தவை நடக்காமல் போகாது, எரிந்த கடைகளை ஒரு கதிரை ஈடு செய்யாது. ஆனால் ஒரு பாதையை நாம் பயந்து விட்டுவிட்டால், அதில் இருக்கும் நல்ல மனிதர்களையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். இதை நான் மாணவர்களுக்கும் சொல்கிறேன்.

*

போவதற்கு முன் சில விஷயங்கள்.

சைக்கிள்: முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் கண்டி மேட்டுக்கு உதவும். 100 மீற்றர் போவதற்குள் 10 மீற்றர் ஏறினால் அது பத்து வீத ஏற்றம். நம் ஊர்ப் பாதைகளில் அது சாதாரணம். இறங்கித் தள்ளுவதில் எந்தக் குறைவும் இல்லை.

பிரேக்: கீழே இறங்கும்போது தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள், சூடேறி பிடிக்காமல் போகும். விட்டு விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். மழையில் இரட்டிப்புத் தூரத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். நூறு இருநூறு ரூபாவை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

உடுப்பு: முழுச் செயின் கவர் உள்ள சைக்கிள், பின் சில்லுக்கு வலை. கீழ்ப்பக்கம் அகலமான அபாயா, உள்ளே காற்சட்டை. ஷோலின் நுனியைப் பின்னால் விடாமல் உள்ளே சொருகிக் குத்துங்கள். பிள்ளைகளுக்கு ஹெல்மட் கட்டாயம், ஸ்காபுக்கு மேலேயே சரியாக உட்காரும்.

நாய்: வாகனத்தைவிட நாய்க்குத்தான் பயம் என்று பலர் சொல்கிறார்கள். வேகமாக ஓடித் தப்பப் பார்க்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் அது குரைத்துவிட்டுப் போய்விடும்.

காலநிலை: ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை, ஆகவே காலையில் முடித்துவிடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் மலைப் பாதைக்குப் போகவே வேண்டாம்.

*

இப்போது வேண்டுகோள்.

2022 இல் என் வகுப்பில் தரம் 9 படித்த ஒரு பிள்ளை. பெயர் சொல்லமாட்டேன். வேன் காசு கூடியதும் வருவது குறைந்தது. கிழமைக்கு மூன்று நாள், பிறகு இரண்டு நாள். வீட்டுக்குப் போனேன். "டீச்சர், மூணு புள்ளைக்கு வேன் காசு குடுக்க ஏலாது. பொடியன்மார் நடந்து போவாங்க, இவள் வீட்டுல இருக்கட்டும்" என்றார் உம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் வீடு.

அந்தப் பிள்ளையின் மாமா வீட்டில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் கிடந்தது. டயர் இரண்டும் மாற்றினோம். வயல் பாதையில் வந்தால் பெரிய வீதியைத் தொடாமலே பாடசாலைக்கு வரலாம், 4 கிலோமீற்றர், ஒரே ஒரு மேடு. முதல் இரண்டு கிழமை நான் முன்னால், அவள் பின்னால். "ஊர் என்ன சொல்லும்" என்று உம்மா பயந்தார். ஊர் கொஞ்சம் சொல்லத்தான் செய்தது. ஒரு மாதத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள், அல்ஹம்துலில்லாஹ் உயர்தரத்துக்கும் போனாள். அதற்குப் பிறகு வந்தவர்களைச் சேர்த்து ஏழு பிள்ளைகள் அந்தப் பாதையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பாதையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடை நானா காலையில் பாண் அடுக்கிக்கொண்டே பிள்ளைகளை எண்ணுவார். ஒருநாள் நான் கடந்து போகும்போது கூப்பிட்டுச் சொன்னார். "டீச்சர், ஆறுதான் போச்சு. ஒண்டு வரல்ல." அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். பாதையில் ஆள் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

போன வருடம் அந்தப் பாதைக்குக் காபட் போட்டார்கள். நல்ல விஷயம். நோயாளியைக் கொண்டு போகலாம், மழையில் சேறு இல்லை. அதற்காகக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் காபட் போட்ட பிறகு, பெரிய வீதியின் நெரிசலைத் தவிர்க்க டிப்பர்கள் இந்த வழியைப் பிடித்துவிட்டன. அதுவும் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். பாதையின் அகலம் ஒரு டிப்பருக்கும் ஒரு ஆளுக்கும்தான் போதும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு டிப்பரின் கண்ணாடி ஒரு பிள்ளையின் பேக்கில் பட்டு, பிள்ளை வயலுக்குள் விழுந்தாள். சேற்றில் விழுந்ததால் காயமில்லை. டிப்பர் நிற்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து மூன்று பிள்ளைகள் சைக்கிளில் வருவதில்லை. அதில் ஒருத்தி பாடசாலைக்கே வருவதில்லை.

பாதையை மூடச் சொல்லவில்லை. டிப்பர்காரருக்கும் வீடு வாசல் இருக்கிறது. நாம் கேட்பது மூன்று விஷயம். ஒன்று, பாடசாலை நாட்களில் காலை 6.30 முதல் 7.45 வரையும் பகல் 1.15 முதல் 2.30 வரையும் அந்தப் பாதையில் டிப்பர் வரக் கூடாது. இரண்டு, கடைக்கு முன்னாலும் வளைவுக்கு முன்னாலும் வேகத்தடை. மூன்று, "பாடசாலைப் பிள்ளைகள்" என்ற பலகை, மூன்று மொழியிலும்.

பிரதேச சபைக்கும் பொலிசுக்கும் கொடுக்கக் கடிதம் தயார். சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து வயலுக்கு அந்தப் பக்கப் பன்சலையின் ஹாமுதுருவுடையது. அவருடைய தஹம் பாசல் பிள்ளைகளும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள். இரண்டாவது நம் பள்ளித் தலைவருடையது. கடிதம் இப்போது கடை நானாவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலிலும் வைப்போம். பெண்கள் கடையிலோ என் வீட்டிலோ கையெழுத்துப் போடலாம். கிராம சேவகர் பிரிவையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள்.

டிப்பர் ஓடும் தம்பிமார் யாராவது இதை வாசித்தால், கடிதம் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் பெரிய வீதியால் போங்கள். பத்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

சைக்கிள் பழக விரும்பும் சகோதரிகள் கீழே எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் பாடசாலை மைதானத்தில் ஒரு மணித்தியாலம் பழக்கலாம். அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வீட்டில் ஓடாமல் கிடக்கும் சைக்கிள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாடசாலைக்கு வராமல் இருக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், அவளுடைய உம்மாவுக்குத் தெரிந்த யாராவது கூட வந்தால் நல்லது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.